மணவாளனுடைய தோழன்



விவாக அழைப்பிதழ் கைக்கு வந்தவுடன் நாம் முதலாவது பார்ப்பது தேதியை. தில்லியில் வசிக்கிறவர்கள் இரண்டாவதாகப் பார்ப்பது இடத்தை. துவாரகையில் இருக்கிறவர் மயூர் விஹாருக்குப் போய்த் திரும்புவதும், ஃபரீதாபாத்தில் இருக்கிறவர் ரோகிணிக்குப் போய்த் திரும்புவதும், ஊரில் நாசரேத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வருவதைவிட அலுப்பான பிரயாணம். ஆகவே, "ஜெபித்துக்கொள்கிறோம்" என்று தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறோம். ஜெபம் நல்லதுதான். ஆனாலும் விவாகத்திற்கு அழைக்கப்பட்டவர் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதை வீட்டிலிருந்தபடியே செய்ய முடியாது.

சென்ற குளிர்காலத்தில் மோதி பாக்கில் நடந்த ஒரு விவாகத்தை முன்னிட்டே இம்மாதம் இதை எழுதுகிறேன். மணவாளனுக்கு வயது 61. மணவாட்டிக்கு வயது 58. இருவரும் எங்கள் குடும்பத்திற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கமானவர்கள். தங்கள் காரியத்தை எழுத அனுமதி தந்தார்கள். பெயர்களை மட்டும் எழுதவேண்டாம் என்றார்கள். அதனால் குறைவொன்றும் இல்லை. கானா ஊர்க் கலியாணத்தை எழுதிய யோவானும் மணமக்களின் பெயரை எழுதவில்லை. அங்கே வந்திருந்தவர்கள் யார் யார் என்பதையே எழுதிவைத்தார்.

மோதி பாக்கைப் பழைய நாட்களில் அறிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். 1911 டிசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அரசு அலுவலகங்கள் வந்தன. அவற்றோடு கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் தெரிந்த தென்னாட்டவர்களும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய சிறிய பள்ளிதான் பிற்பாடு தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், பூசா ரோடு, ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம், மோதி பாக் என ஏழு பள்ளிகளானது. சுதந்திரத்திற்குப் பின்பு ரிங் ரோடின் ஓரத்தில் அரசு ஊழியர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழும்பின. அவற்றுள் ஒன்று மோதி பாக். 1707இல் குரு கோவிந்த் சிங் தங்கியிருந்த இடம் என்று சீக்கியர் போற்றும் குருத்வாரா அருகில், நானக்புரா அடுத்து, நடந்துபோகிற தூரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி. தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரத்த சம்பந்தமான உறவினர் ஒருவரும் இல்லை. மாமாவும் அத்தையும் சித்தப்பாவும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பிரசவமா? கீழ்வீட்டு அக்கா. நள்ளிரவில் சப்தர்ஜங் மருத்துவமனைக்குப் போகவேண்டுமா? எதிர் பிளாக்கில் ஸ்கூட்டர் வைத்திருக்கிற அண்ணன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் யார் வீட்டில் நடந்தாலும் பாய் ஒரு வீட்டிலிருந்தும் காபி டம்ளர் இன்னொரு வீட்டிலிருந்தும் வரும். நம் மணமக்கள் இருவரும் வளர்ந்தது ஒரே பிளாக்கில், மேல்வீடும் கீழ்வீடுமாக. படித்தது அதே தமிழ்ப் பள்ளியில். அவர் மூன்று வகுப்பு மேலே.

அவருடைய தகப்பனார் பணியிலிருக்கையில் மரித்தார். கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் பத்தொன்பது வயதில் சேர்ந்து, இரண்டு தங்கைகளைப் படிக்கவைத்து, விவாகமும் செய்துவைத்தார். அதற்குள் தமக்கு வயது கடந்துவிட்டது என்று எண்ணி அப்படியே இருந்துவிட்டார். அந்தச் சகோதரிக்கோ உரிய காலத்தில் விவாகம் நடந்தது. நல்ல கணவர், மத்திய அரசு ஊழியர். அவரும் ஓய்வு பெறுமுன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரே மகள், அவளும் விவாகமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். இத்தனை ஆண்டுகளும் இவர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். அதை அறியாதவர் சபையில் ஒருவரும் இல்லை. அதைக் குறித்துத் தவறாகப் பேசினவரும் ஒருவரும் இல்லை. விவாகம் செய்துகொள்ளப்போகிறோம் என்று அறிவித்த பின்புதான் பேச்சுத் தொடங்கியது! இது எனக்கு இன்றுவரை விளங்காத காரியம்.

"இந்த வயதில் எதற்கு?" என்பது முதல் கேள்வி. வேதத்தை எடுத்துப் பேசினவர்களும் உண்டு. புருஷன் மரித்தபின் ஸ்திரீ தனக்கு இஷ்டமானவனை, கர்த்தருக்குட்பட்டவனாக மாத்திரம் பார்த்து, விவாகம்பண்ணிக்கொள்ள விடுதலையாயிருக்கிறாள் என்பது கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் 39ஆம் வசனத்தின் கருத்து. அப்படியே இருந்துவிட்டால் அதிக பாக்கியம் என்பது தன்னுடைய அபிப்பிராயம் என்று பவுல் அடுத்த வசனத்தில் சொல்லுகிறார். இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. 40ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்களுக்கு 39 மறந்துபோவதேன்? இந்துக்களான நம் முன்னோரிடையே விதவை மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் 1856இல் வந்தது. சட்டம் வந்து நூற்றெழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன அல்லது ஆகிவிட்டன. வழக்கம் மாத்திரம் நம்மோடேகூட ரயிலேறி வந்து, ஞானஸ்நானத் தண்ணீரிலும் நனையாமல், நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது பேச்சு இதைவிட நுட்பமானது. அதைத்தான் வாசகர்கள் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அந்தச் சகோதரி ஜீவனம் செய்துவந்தது கணவருடைய குடும்ப ஓய்வூதியத்தைக் கொண்டு. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளின்படி, விதவைக்குரிய குடும்ப ஓய்வூதியம் அவர் மரிக்கும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை மட்டுமே. பிள்ளையில்லாத விதவைக்கு ஒரு சலுகை உண்டு. வருமானம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் மறுமணத்திற்குப் பின்பும் ஓய்வூதியம் தொடரும். இவருக்கோ மகள் உண்டு, மகள் விவாகமானவள். ஆகவே தாய்க்கும் நின்றுபோம்; மகளுக்கும் இல்லை. இதை அறிந்த சிலர், "சபையில் ஜெபம் செய்து ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளுங்கள், பதிவேட்டில் எழுதவேண்டாம், வங்கிக்கும் சொல்லவேண்டாம். தேவனுக்குத் தெரிந்தால் போதாதா?" என்று ஆலோசனை சொன்னார்கள். சொன்னவர்கள் துன்மார்க்கர் அல்ல; அன்பினாலேயே சொன்னார்கள். மாதந்தோறும் வருகிற பணம் நின்றுபோவது என்பது விளையாட்டான காரியமா?

அந்தச் சகோதரி கொடுத்த பதில் சிறியது. ஒளித்துவைத்த விவாகம் விவாகமல்ல என்றார். விவாகத்திற்கு மறுநாளே வங்கிக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டார்.

அவர்கள் அறியாத ஒரு விதியை, ஓய்வூதிய அலுவலகத்தில் பணிபுரிந்த பழைய மோதி பாக் நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். ஓய்வு பெற்றபின் விவாகம் செய்துகொண்ட அரசு ஊழியரின் மனைவிக்கும், அவர் காலத்திற்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெற உரிமை உண்டு. 1989இல் பகவந்தி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நிலைநாட்டியது. ஆனால் விவாகச் சான்றிதழுடன் முந்தைய அலுவலகத்துக்கு எழுதி, மனைவியின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆலோசனை சொன்னவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த வாசல் அடைபட்டிருக்கும். நம் சபைகளில் இப்படி இருக்கிற முதியோர் அநேகர். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதினேன்.

இனி விவாக நாளுக்கு வருகிறேன். தில்லியின் விவாகங்கள் இரவில் நடக்கிறவை என்பது உங்களுக்குத் தெரியும். குதிரை, பேண்டு, விளக்குத் தூக்குகிறவர்கள், நள்ளிரவில் போஜனம். நமக்கோ 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவே என்று எல்லை வகுத்திருக்கிறது. குளிர்காலத்து மூடுபனியைக் கருத்தில்கொண்டு 11 மணிக்கு ஆரம்பிப்பதாக அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தாமதமாகும் என்று அறிந்து ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு, இரண்டு இரவுகள் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 70. நொய்டாவிலிருந்தும் குருகிராமிலிருந்தும் வந்தவர்கள் மெட்ரோவில் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் திறந்த பிங்க் வழித்தடத்தில் மோதி பாக்குக்கும் ஒரு நிலையம் உண்டு. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைச் சேர்த்து அழைக்கப்படுகிறது. நிலையத்திலிருந்து வெளியே வந்த அநேகருக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியவில்லை. பழைய குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்துப் புதிய மோதி பாக் எழும்பிவிட்டது; உயர் அதிகாரிகளின் வீடுகள், காவல், தடுப்பு வாசல். தங்கள் பிளாக் நின்ற இடத்தை இரு பெண்கள் ஒரு நாவல் மரத்தை அடையாளம் வைத்துத் தேடினார்கள். அது அந்த மரந்தானா என்பதில் இருவருக்கும் ஒருமனம் ஏற்படவில்லை.

கூடத்தில் நூற்றைம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எண்பது பேருக்குள். அவர் வளர்த்து ஆளாக்கிய தங்கையரில் இளையவர் வந்திருந்தார்; மூத்தவர் வரவில்லை. சகோதரியின் அண்ணன் ஊரிலிருந்து வரவில்லை. சபையிலும் சில குடும்பங்கள் அன்றைக்கென்று பார்த்து வேறு அலுவல்களை வைத்துக்கொண்டன. லூக்கா 14இல் வயல் வாங்கினவனும், ஐந்து ஏர்மாடு வாங்கினவனும், பெண்ணை விவாகம் செய்தவனும் சொன்ன சாக்குகள் நினைவுக்கு வந்தன. பெரிய விருந்துக்குப் போகாதபடிக்கு விவாகத்தையே சாக்காகச் சொன்ன அந்த மூன்றாம் மனிதனைக் குறித்து எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.

ஆனால் பழைய பிளாக்கிலிருந்து வரக்கூடியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மகள் பெங்களூரிலிருந்து கணவனோடு வந்து, தாயின் கையைப் பிடித்து முன்னே அழைத்துவந்தாள். நகையில்லை, மாலையில்லை. வெளிர்நிறப் பட்டுப்புடவை, கையில் வேதாகமம். அவ்வளவுதான். எங்கள் போதகருக்கு விவாகம் நடத்தும் உரிமம் இல்லாததால், உரிமம் பெற்ற வேறொரு சபையின் போதகரை அழைத்திருந்தார்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமமில்லாமல் அச்சட்டத்தின்கீழ் விவாகம் நடத்துவது பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அபிஷேகம் பெற்ற ஊழியராயினும் உரிமம் வேண்டும். முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும்; அதன்பேரில் ஊழியர் தரும் சான்றிதழின் தேதியிலிருந்து இரண்டு மாதத்திற்குள் விவாகம் நடக்கவில்லையென்றால் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஊழியரைத் தவிர இரண்டு சாட்சிகளாவது முன்னிலையில் இருக்கவேண்டும்.

சாட்சிகள் என்றவுடன் ரூத்தின் நான்காம் அதிகாரத்தைக் குறித்துச் சில வார்த்தைகள். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். அந்நிய தேசத்தில் மரணங்கள். திரும்பி வந்த நகோமி. அவளோடு வந்த மோவாபியப் பெண் ரூத். நம்மைப்போல ஊர்விட்டு ஊர் போனவர்களின் சரித்திரம் அது. ரூத் விதவை. போவாஸ் வாலிபனல்ல, வாலிபரைத் தேடிப் போகாமல் தன்னிடத்தில் வந்ததற்காகவே அவளை ஆசீர்வதித்தவர். அந்த விவாகத்தைப் போவாஸ் எங்கே உறுதிப்படுத்தினார்? பெத்லகேமின் ஊர்வாசலில், பட்டணத்து மூப்பரில் பத்துப்பேரை உட்காரவைத்து. வாசலில் இருந்த சகல ஜனங்களும் தாங்கள் சாட்சி என்று சொன்னார்கள். பிள்ளை பிறந்தபோது அதற்கு ஓபேத் என்று பெயரிட்டவர்கள் யார் தெரியுமா? அயல்வீட்டுப் பெண்கள்! தாவீதின் பாட்டனுக்குப் பெயர் வைத்தது அக்கம்பக்கத்தார்.

விவாகத்திற்குப் போகிறவருடைய வேலை இதுதான் என்பது என் எண்ணம். சாப்பிடுவதும் வாழ்த்துவதும் அதற்குப் பின்பு. இது நடந்தது, நான் கண்டேன், நாளை ஒருவன் மறுத்தால் நான் சொல்லுவேன் என்று நிற்பது. யோவான்ஸ்நானன் தன்னை மணவாளனுடைய தோழனுக்கு ஒப்பிட்டபோது, அந்தத் தோழன் அருகே நின்று, மணவாளனுடைய சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறான் என்றார். அவனுக்கு வேறு வேலை சொல்லப்படவில்லை. நிற்கவேண்டும், கேட்கவேண்டும். சிம்சோனுக்கும் திம்னாத்தில் முப்பது தோழர்களைக் கொடுத்தார்கள். அவர்கள் பெண்வீட்டார் ஏற்படுத்தித் தந்த தோழர்கள். விருந்து முடியுமுன்னே பகைவராகி, கடைசியில் மணவாட்டியே அவர்களில் ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தாள். எண்ணிக்கைக்காக வருகிற கூட்டத்தால் வருகிற பிரயோஜனம் அவ்வளவே.

முற்காலத்தில் இந்த ஊழியம் சிரமமில்லாமல் நடந்தது. பிளாக்கில் ஒரு விவாகம் என்றால் படியிறங்கி வந்தால் போதும். இன்று அப்படியல்ல. ஓய்வு பெற்றவர்கள் அரசு வீட்டை ஒப்படைத்துவிட்டு நான்கு திசையிலும் போய்விட்டார்கள். அரசு வீடே இல்லாதவர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையில் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி இடித்து அகற்றப்பட்டது. ஏறக்குறைய 370 குடும்பங்கள். அவற்றில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று கண்டார்கள். அவ்வீடுகளும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். வீட்டு வேலைக்கு ஜங்புராவுக்கு நடந்து போய்வந்த பெண்கள் அவர்கள். அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்கு இனி விவாகம் நடக்கும்போது யார் சாட்சி நிற்பார்கள்? அக்கம்பக்கத்தார் சிதறிப்போனால், முன்பு தானாக நடந்ததை இனி பணமும் நேரமும் செலவழித்துத் தேடிப்போய்ச் செய்யவேண்டியிருக்கிறது. இந்த நகரத்தில் பத்து வருஷம் இருந்த ஒருவர், தன் பிள்ளையின் விவாகத்தில் நிற்கக்கூடியவர்கள் இன்னார் என்று பத்துப்பேரையாவது எண்ணிச் சொல்ல முடியாவிட்டால், அவர் இன்னும் ரயிலைவிட்டு இறங்கவில்லை என்றே சொல்லுவேன்.

போஜனம் பக்கத்துப் பாராத் கரில். ஆட்டிறைச்சி பிரியாணி, தயிர்ப் பச்சடி, கேசரி; இறைச்சி உண்ணாதவர்களுக்குப் பன்னீர். சமையல் செய்தது ஒப்பந்தக்காரர். பரிமாறினது பழைய மோதி பாக்கின் பிள்ளைகள், இப்போது அவர்களுக்கே தலை நரைத்திருக்கிறது. அன்பளிப்பு வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய தில்லி உறைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவரை யாராலும் தடுக்க முடியவில்லை. மொய் எழுதாமல் சாப்பிடுவது கடன் என்றார். கடைசியில் அவருக்காக மாத்திரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, முதற்பக்கத்தில் அவர் பெயரையும் 101 ரூபாயையும் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் வேறொரு பெயரும் இல்லை.

பதிவேட்டில் கையெழுத்திடும்போது ஒரு காரியத்தைக் கண்டேன். பெயருக்கும் வயதுக்கும் அடுத்து, இருவருடைய நிலைமை என்ன என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மணவாளனுக்கு "விவாகமாகாதவர்" என்றும், மணவாட்டிக்கு "விதவை" என்றும் எழுதினார் போதகர். சகோதரி அதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைக் கடைசித் தடவையாக எழுதுகிறீர்கள், பாஸ்டர் ஐயா" என்றார். மகள்தான் முதலில் சிரித்தாள்.

சபையின் பதிவேட்டோடு காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். எந்த மதத்தாராயினும் விவாகத்தைக் கட்டாயம் பதிவு செய்யும்படி மாநிலங்கள் விதி செய்யவேண்டும் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி தில்லியில் 2014இல் வந்த ஆணை 60 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாட்கள் அவகாசம் தருகிறது. பிள்ளைகளுக்கு ஊரில் விவாகம் நடத்துகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். தில்லியில் இதைச் செய்வது உட்கோட்ட நடுவர் அலுவலகம், அதாவது எஸ்.டி.எம். அலுவலகம். இணையத்தில் விண்ணப்பித்து நாள் வாங்கி, மணமக்களும் சாட்சிகளும் அடையாள அட்டைகளின் அசலோடு நேரில் போகவேண்டும். இதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. விருந்துக்கு வருகிற உறவினர், வாரநாளில் விடுப்பெடுத்துக்கொண்டு அலுவலக வரிசையில் நிற்க வருவதில்லை.

எங்கள் மணமக்களுக்காக நானும், சென்னையிலிருந்து வந்த அந்த 70 வயது நண்பரும் போனோம். அவர் அதற்காகவே திரும்பிப் போகும் பயணச்சீட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தார். மூன்று மணிநேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது எழுத்தர் ஹிந்தியில், "நீங்கள் இவர்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். நண்பர் தமிழ்ச் சாயலோடு "தோஸ்த்" என்றார். எத்தனை வருஷமாக என்று எழுத்தர் கேட்கவில்லை. அந்த வார்த்தையை எழுதிக்கொண்டு, கையெழுத்திடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.